மெய்யியல், அரசியல், அறவியல் படிக்கலாமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குழித்துறைக்காரி. மெய்யியலில் பி.ஏ., எம்.ஏ. முடித்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் குடிமைப்பணித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அறவியல் தாள் சொல்லிக் கொடுக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் என்னைப் பிடித்து நிறுத்தி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

ஃபிலாசஃபின்னா சும்மா தத்துவம் பேசுறதாக்கும்?

ஆட்டோவுக்குப் பின்னால் எழுதியிருக்கும் வாசகத்தை நினைத்துக் கேட்கிறார்கள். வகுப்பில் நடப்பது வேறு. ஒருவர் ஒன்றைச் சொன்னால், அதற்கு அவர் காட்டும் காரணம் அந்த முடிவைத் தாங்குகிறதா என்று பார்க்கிற வேலை அது. "மழை பெய்தால் குழித்துறை ஆற்றில் வெள்ளம் வரும். வெள்ளம் வந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது." கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டிருந்தால்? காரணம் இரண்டும் உண்மை, முடிவு மட்டும் வழுக்கிவிடுகிறது. அளவையியல், அதாவது லாஜிக் வகுப்பில் முதல் மாதமே இந்த வகைப் பிழையைப் பெயர் சொல்லிப் பிடிக்கப் பழக்குவார்கள். அதற்கப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிம்மதியாக இருக்க முடியாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அளவையியலோடு, அறிவு என்பது என்ன, எதை 'இருக்கிறது' என்று சொல்லலாம், எப்படி வாழ்வது சரி என்ற கேள்விகளும் சேர்ந்ததுதான் மெய்யியல். கடைசிக் கேள்விக்குத் தனிப்பெயர் அறவியல்.

அதோட எதுக்கு பாலிடிக்ஸையும் எதிக்ஸையும் சேக்குறாங்க? ஒண்ணும் மனசிலாகல்லியே.

நம் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. அலை வீட்டை அடித்துக்கொண்டு போகிறது என்று ஒரு ஊர் தூண்டில் வளைவு கேட்கிறது. கடலுக்குள் கல்லைக் கொட்டி நீளமாகக் கட்டுகிறார்கள். கரையோரமாக நகர்ந்து போகும் மணல் அதில் ஒரு பக்கம் தடுக்கப்பட்டுத் தேங்குகிறது. அந்த மணல் போய்ச் சேரவேண்டிய மறுபக்கத்தில் கரை அரிக்கிறது. அடுத்த ஊர்க்காரர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று சாலையை மறிக்கிறார்கள்.

இதை யார் முடிவு செய்தார்கள், எந்த ஊரின் குரல் கலெக்டர் அலுவலகம் வரை போனது, எது போகவில்லை என்று கேட்டால் அது அரசியல். பக்கத்து ஊர் வீடு போகும் என்று தெரிந்தே என் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாமா, அவர்களுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்டால் அறவியல். கரை யாருக்குச் சொந்தம், நகர்ந்துகொண்டே இருக்கும் மணலை 'சொந்தம்' என்று சொல்வதற்கு அர்த்தம் உண்டா, ஒரு கேட்டை நாமே செய்வதும் அது நடக்கும்போது தடுக்காமல் இருப்பதும் ஒன்றுதானா என்று இன்னும் கீழே தோண்டினால் மெய்யியல். பிரச்சினை ஒன்றுதான். மூன்றையும் தனித்தனி டிபார்ட்மென்டில் அடைத்தால் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால்தான் சேர்க்கிறார்கள்.

பி.பி.இ.ன்னு சொல்லுறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

கவனம். இரண்டு 'பி'யும் ஃபிலாசஃபி, பாலிடிக்ஸ். கடைசியில் வரும் 'இ' எக்கனாமிக்ஸா, எதிக்ஸா என்று பாருங்கள். உலகப் புகழ்பெற்றது எக்கனாமிக்ஸ் சேர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பித்தது. பெனாசிர் பூட்டோ, ரிஷி சுனக், மலாலா எல்லாரும் அதைப் படித்தவர்கள். இந்தியாவில் அசோகா பல்கலைக்கழகத்தில் இருப்பதும் அந்த வகைதான். எதிக்ஸ் சேர்ந்த பட்டம் அரிது. இங்கிலாந்தில் பிரைட்டன் பல்கலைக்கழகம் அப்படி ஒன்றை நடத்தியிருக்கிறது. பொருளியல் வருகிற படிப்பில் கணக்கும் புள்ளியியலும் வரும். கணக்கைக் கண்டு ஓடிவந்த பிள்ளை அங்கே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நம் நாட்டில் இந்த மூன்றையும் ஒரே பட்டமாகத் தேடி அலைய வேண்டியதில்லை. மெய்யியலோ அரசியல் அறிவியலோ முதன்மைப் பாடமாக எடுத்து, மற்றதைத் துணைப்பாடமாக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

எங்க வீட்டுப் பய ஃபிலாசஃபி எடுக்கணும்னு நிக்கான். ஃபாதராகப் போறானாக்கும்?

இந்த மாவட்டத்தைத் தவிர வேறெங்கும் இந்தக் கேள்வி இவ்வளவு வராது என்று நினைக்கிறேன். காரணம் இருக்கிறது. கத்தோலிக்கக் குருவாவதற்கு முழுதாக 2 ஆண்டு மெய்யியலும் 4 ஆண்டு இறையியலும் படிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. வீட்டுக்கு ஒரு குருமாணவரைத் தெரிந்த ஊரில், மெய்யியல் என்றாலே செமினரி ஞாபகம்தான் வரும்.

பல்கலைக்கழகத்து மெய்யியலுக்கும் குருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை. செமினரியில் சேர்ந்து பாதியில் வெளியே வந்தவர்களில் சிலர் இங்கே எம்.ஏ. சேர்வதுண்டு, அவ்வளவுதான். உங்கள் பையன் பெண் பார்க்கச் சொல்லி வரும் நாள் வரும், கவலைப்படாதீர்கள்.

நம்ம ஜில்லாவுல எங்க படிக்கலாம்?

இங்கேதான் சங்கடம். நம் கல்லூரிகளில் கலைப்பிரிவு என்றால் பெரும்பாலும் தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல்தான். மெய்யியலைத் தனிப் பட்டமாகப் படிக்க மாவட்டத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், நம் கல்லூரிகள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு 1990ல் வைத்த பெயரே ஒரு மெய்யியல் பேராசிரியருடையது. மனோன்மணியம் சுந்தரனார் என்றதும் எல்லாருக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சுந்தரனார், அதாவது பெ. சுந்தரம் பிள்ளை, சம்பளம் வாங்கியது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் மெய்யியல் நடத்தி. அந்தக் கல்லூரிதான் இன்று பாளையத்தில் இருக்கும் யூனிவர்சிட்டி காலேஜ். மெய்யியல் துறை இன்றும் அங்கே இருக்கிறது.

நான் படித்ததும் அங்கேதான். 1956 நவம்பர் 1 வரை நம் தாலுகாக்களுக்குத் தலைநகரமே திருவனந்தபுரம்தான் என்பதால், அது வெளியூர் என்ற எண்ணமே எங்கள் வீட்டில் இல்லை. நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் சொச்சம். சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் போய்வரலாம். கேரளத்தில் 2024 முதல் நான்கு ஆண்டுப் பட்டம் வந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் சாதாரணப் பட்டத்தோடு வெளியே வரலாம், நான்காவதும் முடித்தால் ஆனர்ஸ். ஒன்றை மறக்காதீர்கள்: வேறு மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இடஒதுக்கீடு பொதுவாகக் கிடைக்காது, மார்க்கை வைத்துத்தான் போட்டி.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டுமென்றால் தாம்பரத்திலுள்ள சென்னை கிறித்தவக் கல்லூரி பழைய இடம், குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் மெய்யியல் படித்தது அந்தக் கல்லூரியில்தான். டெல்லிக்கு அனுப்பத் தைரியம் உள்ளவர்களுக்கு மிராண்டா ஹவுஸ், இந்து கல்லூரி, செயின்ட் ஸ்டீஃபன்ஸ். 2022 முதல் அதற்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எம்.ஏ.வுக்கு சென்னை, புதுச்சேரி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மெய்யியல் உண்டு, பி.ஏ.வில் என்ன பாடம் படித்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.

எங்கே சேர்வதானாலும் புராஸ்பெக்டஸை மட்டும் நம்பாதீர்கள். நான் முதலில் விண்ணப்பித்த ஒரு கல்லூரியில் பாடத்தின் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. நேரில் போனால், ஆள் சேராததால் மூன்று வருடமாக வகுப்பே நடக்கவில்லை என்றார் அலுவலகத்தில் இருந்தவர். விண்ணப்பக் கட்டணம் திரும்ப வரவில்லை. முதலாண்டில் இப்போது எத்தனை பேர், நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பிளஸ் டூவுல பயாலஜி குரூப். சேத்துக்குவாங்களா?

பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள், எந்தக் குரூப்பும் போதும். பதினொன்றாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் பிள்ளைக்கு வேண்டுமானால் ஒன்று சொல்லலாம்: நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 'அரசியல் அறிவியல்' என்றும் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்றும் மேல்நிலைப் பாடங்கள் இருக்கின்றன. பள்ளியில் அந்தக் குரூப் இல்லாவிட்டாலும் பழைய புத்தகத்தை வாங்கி ஒரு வாரம் புரட்டிப் பார்க்கட்டும். தூக்கம் வந்தால் இந்தப் பக்கத்தை இதோடு மூடிவிடலாம்.

இதப் படிச்சா வேலை கெடைக்குமா? உள்ளதச் சொல்லணும்.

உள்ளதைச் சொல்கிறேன். 'மெய்யியலாளர் தேவை' என்று எந்த விளம்பரமும் வராது. நர்சிங் முடித்த பிள்ளை வளைகுடாவுக்குப் போவது போல நேராக ஒரு வேலைக்குப் போகும் பாதை இதில் இல்லை. பள்ளி ஆசிரியர் ஆகலாம் என்று நினைத்தால், மெய்யியல் பி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு நம் மாநிலத்தில் அது சிரமம். அரசியல் அறிவியல் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, மேல்நிலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பணியிடம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் ஆக நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும், பிஎச்.டி.யும் பண்ணினால் நல்லது. இடங்கள் கொஞ்சம், காத்திருப்பு நீளம்.

அதனால் இந்தப் பட்டத்தை முதல் படியாக நினைத்து, இரண்டாவது படி என்ன என்பதைச் சேரும்போதே யோசித்துவிடுங்கள். என்னோடு படித்தவர்களில் அதிகம் பேர் போனது சட்டத்துக்கு. எந்தப் பட்டம் முடித்தவரும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம், திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஒரு தீர்ப்பைப் பிரித்து வாதத்தையும் முடிவையும் தனித்தனியாக எடுக்கும் பழக்கம் ஏற்கெனவே கையில் இருப்பதால் அவர்களுக்கு முதலாண்டு எளிதாக இருந்தது. மற்றவர்கள் பத்திரிகை, தொண்டு நிறுவனம், வங்கித் தேர்வு என்று பிரிந்தார்கள். ஒருத்தி மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாள், எங்களில் நன்றாகச் சம்பாதிப்பது அவள்தான்.

புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி தரும் மருத்துவமனை அறக்குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சமூக அறிவியலாளர், மெய்யியலாளர், இறையியலாளர் போன்றவர்களில் ஒருவருக்கும் அதில் இடம் உண்டு. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அது மாதச் சம்பளம் வரும் வேலை இல்லை, ஆசை காட்ட மாட்டேன்.

ஐ.ஏ.எஸ்.க்கு இது நல்லதுன்னு சொல்லுறாங்களே?

நான் பிழைப்பதே அதில்தான், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள். 2013 முதல் முதன்மைத் தேர்வில் அறவியலுக்கென்று 250 மதிப்பெண்ணுக்குத் தனித்தாள் இருக்கிறது. விருப்பப் பாடமாக மெய்யியலையோ அரசியல் அறிவியலையோ எடுத்தால் இன்னும் 500. கட்டுரைத் தாளிலும் கைகொடுக்கும். தமிழிலேயே எழுதலாம்.

ஆனால் அந்த அறவியல் தாளும் பல்கலைக்கழக அறவியலும் வேறு. அங்கே ஒரு தாசில்தாரின் இடத்தில் உங்களை உட்காரவைத்து, மேலதிகாரி தப்பாகக் கையெழுத்துக் கேட்கிறார், என்ன செய்வீர்கள் என்பார்கள். கல்லூரியில் தாசில்தார் ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் ஆரம்பிப்பார்கள். ஐ.ஏ.எஸ். ஒன்றுக்காகவே இதைப் படிக்கிறேன் என்பவர்களுக்கு என் பதில்: எந்தப் பட்டமும் போதும், பிடித்ததைப் படியுங்கள். தேர்வு கைகூடாவிட்டால் மிச்சம் இருப்பது அந்தப் பட்டம்தான்.

எல்லாம் வெள்ளைக்காரன் சொன்னதத்தானே படிக்கணும்?

பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஹாப்ஸ், ரூசோ, காண்ட், மில், மார்க்ஸ், 1971ல் நீதி பற்றிப் பெரிய நூல் எழுதிய ரால்ஸ் எல்லாம் வரும், தப்ப முடியாது. நியாயம், வேதாந்தம், பௌத்தம், சமணம் என்று இந்திய மெய்யியலும் உண்டு. காந்தியும் அம்பேத்கரும் அரசியல் சிந்தனையில் வருவார்கள்.

தமிழ்தான் குறைவாக வருகிறது, அதில் எனக்குக் கோபம் உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் பல சமயத்தாரும் வரிசையாகத் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். 29ஆம் காதை ஏறக்குறைய அளவையியல் பாடப்புத்தகமே. பள்ளியில் அமுதசுரபி வரை சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். குறளையே எடுங்கள். குற்றமில்லாத நன்மை வருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார் வள்ளுவர். காண்ட் 1797ல் எழுதிய சிறு கட்டுரையில், உன் நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் கேட்டாலும் பொய் சொல்லாதே என்கிறார். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினோம் ஒருநாள். பாதி வகுப்பு கன்னியாகுமரிச் சிலையின் பக்கம் நின்றது. அப்போது சார் கேட்டார்: "குற்றமில்லாத நன்மை எதுன்னு யாரு தீர்மானிக்கிறது? பொய் சொல்லுறவனா?" சிலையின் பக்கம் நின்ற நாங்கள் அமைதியாகிவிட்டோம்.

சரி, தப்பு எல்லாம் அவங்கவங்க பார்வைதானே? இதுக்கு எப்படி மார்க் போடுவாங்க?

மார்க் முடிவுக்கு இல்லை, அங்கே வந்து சேர்ந்த வழிக்கு. எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை நேர்மையாக எழுதிவிட்டுப் பதில் சொன்னீர்களா என்று பார்ப்பார்கள். முதல் கேள்வியில் சொன்ன ஆற்று வெள்ளப் பிழை போல ஒன்று அகப்பட்டால் மார்க் குறையும்.

'அவங்கவங்க பார்வை' என்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். ஊர் வழக்கம் எதுவோ அதுதான் சரி என்று வைத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், நம் மண்ணில், நாடார் பெண்களும் வேறு பல சாதிப் பெண்களும் மார்பை மூடக் கூடாது என்பது வழக்கம். தோள்சீலை போட்டவர்கள் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. வழக்கமே சரி என்றால், தப்புச் செய்தவர்கள் அந்தப் பெண்கள் என்றாகிவிடும். வழக்கத்தை எதிர்க்கிற எவரும், எதிர்க்கும் அந்த நிமிடத்தில், தவறானவராகத்தான் இருக்க முடியும். சாமித்தோப்பில் வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு அழைத்ததும் தப்பு என்றாகும். இதை ஏற்க நமக்கு மனம் வராது. அப்படியானால் வழக்கத்துக்கு வெளியே ஏதோ ஒரு அளவுகோல் இருக்கிறது என்று நாம் ஏற்கெனவே நம்புகிறோம். அது என்ன என்பதுதான் பாடம்.

அதோடு முடியவில்லை. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட அறிவிப்பு, எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளுங்கள், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது. இது உரிமை கிடைத்ததாகுமா, சலுகை கிடைத்ததாகுமா? உடலை மறைக்கத் துணி கிடைத்துவிட்டது, சமம் கிடைக்கவில்லை. உரிமைக்கும் சலுகைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பருவம் முழுக்கப் படிக்கும்போது, ரால்ஸைவிட எனக்கு இந்த அறிவிப்புதான் உதவியது.

நமக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், முதல் வருடம் கஷ்டப்பட்டு. நானும் தமிழ் மீடியம். ஒரு பக்கத்தை மூன்று முறை படித்து, பக்கத்துக்கு இரண்டு வரி தமிழில் எழுதி வைத்தேன். மெய்யியல் புத்தகத்தை இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதப் படிச்சா பிள்ளைக்கு சாமி நம்பிக்கை போயிருமா?

செமினரி பற்றி மேலே சொன்னேனே, சபையே தன் குருமாணவர்களுக்குக் கொடுக்கும் பாடம் இது. சுந்தரம் பிள்ளை கடைசி வரை சைவர். அதற்காக ஒன்றும் ஆகாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். கடவுள் இருக்கிறார் என்பதற்கான வாதங்களையும் எதிர்வாதங்களையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை, சேரும்போது இருந்த மாதிரியே வெளியே வராது. சிலருக்கு நம்பிக்கை போனது. ஒருத்திக்கு வந்தது. எனக்குக் கொடைவிழாவுக்குப் போகிற பழக்கம் மட்டும் மிச்சம்.

எதிக்ஸ் படிச்சவங்க எல்லாம் நல்லவங்களாக்கும்?

இல்லை. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். எரிக் ஷ்விட்ஸ்கெபெல் என்ற அமெரிக்க மெய்யியலாளர் பெரிய கல்வி நூலகங்களின் பட்டியலை எடுத்து, மெய்யியலின் மற்ற பிரிவுப் புத்தகங்களைவிட அறவியல் புத்தகங்கள்தான் அதிகம் காணாமல் போகின்றன என்று 2009ல் கட்டுரை எழுதினார். என்னிடம் இரவல் வாங்கிப் போனவர்களுக்கும் இது பொருந்தும், பெயர் சொல்லவில்லை.

வெளிநாட்டுல போய் படிச்சா என்ன?

பட்டப்படிப்புக்கே போவது, வசதி இருந்தாலோ முழு உதவித்தொகை கிடைத்தாலோ மட்டும். இங்கிலாந்தில் மூன்று வருடம், ஸ்காட்லாந்தில் பொதுவாக நான்கு. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டுவதைவிடப் பல மடங்கு. ரப்பர் தோட்டத்தை அடமானம் வைத்து இதற்கு அனுப்பாதீர்கள். மேலே வேலையைப் பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். இங்கே பி.ஏ. முடித்து நல்ல மார்க்கோடு எம்.ஏ.வுக்கு உதவித்தொகை தேடுவது புத்திசாலித்தனம்.

அப்பா ஒத்துக்கவே மாட்டேங்காரு அக்கா. என்ன சொல்லணும்?

என் அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். மெய்யியல் என்ன என்று அவருக்கு விளக்க நான் ஒரு மாதம் முயன்றேன், தோற்றேன். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எத்தனை வருடம், வருடக் கட்டணம் எவ்வளவு, சீசன் டிக்கெட் எவ்வளவு, பி.ஏ. முடிந்ததும் எழுதப் போகும் தேர்வுகள் என்னென்ன, இரண்டு வருடத்தில் ஒன்றும் அமையவில்லை என்றால் என்ன செய்வேன். கடைசி வரியைத்தான் அவர் இரண்டு முறை படித்தார். தக்கலையில் ஒரு அக்கவுன்டிங் வகுப்பின் பெயரை அதில் எழுதியிருந்தேன்.

"அப்ப இத இப்பமே படிச்சா என்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலை கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பும்போது, ஒரு மாத சீசன் டிக்கெட்டுக்கு மட்டும் பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது மாதம் நானாகக் கேட்க வேண்டியிருந்தது. தாளை எழுதுங்கள், முக்கியமாகக் கடைசி வரியை. முடிந்தால் சேர்க்கைக்கு முன்னால் அப்பாவைக் கல்லூரிக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள், முதலாண்டில் எத்தனை பேர், நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற அந்த இரண்டு கேள்விகளை அவரே கேட்கட்டும்.